ஃபாரின் குதிரைவாலி

என் தாய்மாமன் கை நீட்டுகிற மனிதர். அத்தையை அடிப்பார், குதிரையை அடிப்பார், இரண்டு பேரும் எதிரில் இல்லாத நாளில் ஸ்டாண்டு போட்ட வண்டியை உதைத்துத் தள்ளுவார். அடித்து முடித்ததும் உள்ளங்கையைப் பார்ப்பார். அதில் ஏதோ ஒட்டியிருப்பது போல வேட்டியில் துடைத்துக்கொள்வார். சின்ன வயதில் எனக்கு அந்தத் துடைப்புதான் அடியைவிடப் பயமாக இருந்தது.

எங்கள் ஊர் மணப்பட்டில் அவர் ஒருவர்தான் குதிரை வைத்திருந்தார். வெள்ளைப் பெட்டை. சனி ஞாயிறில் கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்று சுற்றுவார். முகூர்த்த நாளில் பாகூர், வில்லியனூர் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம். அந்தக் குதிரையால்தான் அவர் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்காமல் இருந்தார். எங்கள் சொந்தத்தில் அப்படி இறங்காத முதல் ஆள் அவர். இரண்டாவது நான். நான் டவுனில் செடியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"செடியா?" என்பார் மாமா. "செடிய நட்டாத்தான் கூலி. படிச்சா இன்னாடா குடுப்பாங்க, நிழலா?"

அத்தையின் தம்பி கடலோரத்து ரெசார்ட் ஒன்றில் தோட்ட வேலை பார்த்தார். முறைக்கு எனக்குச் சித்தப்பா. வயது வித்தியாசம் அதிகமில்லை என்பதால் அண்ணே என்றே கூப்பிடுவேன். சாதுவான மனிதர். ஒருநாள் காலையில் அத்தை உதடு கிழிந்து தம்பி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவை எழுப்பி நிறுத்தி, கன்னத்தில் ஒன்று விட்டார்.

"எங்கக்கா மேல இன்னொரு தபா கை வெச்சீங்கன்னா, மாமான்னு பாக்கமாட்டன்."

மாமாவின் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அது அதோடு போயிருக்கும். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "மச்சினன் மொய் வெச்சிட்டான்பா. எழுதிக்கங்க" என்றார். கடையே சிரித்தது. அடியை மாமா மறந்திருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் மறக்க முடியவில்லை. பல நாள் அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. கொடுவாளைப் பட்டறையில் கொடுத்துத் தீட்டி வாங்கி, கூரைச் சந்தில் செருகி வைத்தார். "எதுக்கு மாமா?" என்று கேட்டேன். "தேங்கா வெட்டறதுக்கு" என்றார். அவர் வீட்டில் தென்னை கிடையாது.

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அண்ணனிடம்தான் பேசினார்கள். நீ சின்னவன், நீ போய் வாசல் மிதி. வெறுங்கையோடு போகாதே.

அண்ணன் வெறுங்கையோடு போகவில்லை. தலையில் ஒரு பச்சைக் கட்டைச் சுமந்துகொண்டு போய் மாமா வாசலில் நின்றார்.

"குதிரவாலி மாமா. ஃபாரின் குதிரவாலி. ஒங்க குதிரைக்கு."

அவருடைய ரெசார்ட்டில் குளத்தைச் சுற்றி ஒரு செடி வைத்திருந்தார்கள். முதலாளி எங்கிருந்தோ வரவழைத்தது. மூங்கில் போலக் கணுக்கணுவாக, ஆனால் மூங்கிலைவிட மெலிதாக, ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம். ஒவ்வொரு கணுவிலும் சுற்றிலும் ஊசி ஊசியாகக் கிளை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குதிரைகளைத் தலைகீழாகப் புதைத்துவிட்டு வாலை மட்டும் மேலே விட்டது போல இருக்கும். அதன் இங்கிலீஷ் பெயரை சூப்பர்வைசர், "ராட்சசக் குதிரைவால்பா" என்று தமிழில் சொல்லியிருக்கிறார். அண்ணன் காதில் அது குதிரைவாலி என்று விழுந்தது. எங்கள் பக்கத்தில் மேட்டுக்கொல்லையில் ஒரு காலத்தில் குதிரைவாலி விதைத்தவர்கள் உண்டு. தானியம் மனிதருக்கு, தட்டை மாட்டுக்கு. அதில் இது பெரிய ஜாதி போலிருக்கிறது என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். பேரிலேயே குதிரை இருக்கிறது, அப்புறம் என்ன வேண்டும்?

மாமா கட்டை இரண்டு கையாலும் வாங்கி இறக்கினார். எங்கள் ஊரில் ராஜிக்கு அது போதும்.

பச்சையாகப் போட்டதைக் குதிரை துப்பிவிட்டது. அண்ணன் விடவில்லை. அடுத்த தடவை செடியைக் கழித்தபோது கட்டு கட்டாகக் கொண்டுவந்து மதில்மேல் காயப்போட்டார். காய்ந்ததைப் பொடிசாக நறுக்கித் தவிட்டிலும் கொள்ளுத் தண்ணீரிலும் பிசைந்து வைத்தார். குதிரை தின்றது. அந்தச் செடியோ கழிக்கக் கழிக்க வளர்ந்தது. கழிக்கும்போதெல்லாம் ஒரு கட்டு மாமா வீட்டுக்கு வந்தது. அத்தை முகம் கொஞ்சம் தெளிந்தது. மாமா மறுபடி டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார். "என் குதிரைக்கு மச்சினன் வூட்டுத் தீனி" என்று அவரே சொன்னதாக டவுனில் இருந்த எனக்குச் செய்தி வந்தது; அந்தக் கட்டு எதையும் நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. கொடுவாள் மட்டும் கூரையிலேயே இருந்தது.

பாகூரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். குதிரைக்கு மறுபக்கம் கயிறு பிடிக்க ஆள் இல்லை என்று மாமா என்னை அழைத்துப் போனார். பொழுது சாய்ந்திருந்தது. பேண்டு வாத்தியம் முன்னால், ஆடுகிற பையன்கள் அதற்கும் முன்னால். தெருத் திருப்பத்தில் குதிரையின் பின்கால்கள் ஒன்றோடொன்று பின்னின. நிமிர்ந்தது. மறுபடி பின்னின. பிறகு நாற்காலியில் உட்காருகிற மாதிரி அது பின்பக்கமாக உட்கார்ந்தது. மாப்பிள்ளை வாலோடு சறுக்கி, மாலையும் தலைப்பாகையுமாகத் தெருவில் விழுந்தார்.

"யோவ், குதிரைக்கு ஊத்திக் குடுத்துட்டியா?"

"மாப்பிள்ளைய எறக்கிட்டு அது ஏறிக்கப் பாக்குதுடா!"

மறுபடி சிரிப்பு. மாமா காதில் அது விழுந்ததை நான் பார்த்தேன். சாட்டையை எடுத்தார். முதல் அடி முதுகில். இரண்டாவது காதில். குதிரை எழ முயன்று முன்கால்களை உதறியது, பின்பக்கம் வரவில்லை. மாமா சாட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கட்டையால் அடித்தார். வெள்ளைத் தோலில் கோடு கோடாகச் சிவந்தது. நான் கையைப் பிடித்தேன். கட்டை என் தோள்பட்டையில் இறங்கியது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பெண்வீட்டார் ஒருவர் வந்து மாமா சட்டையைப் பிடித்து, "கல்யாண வூட்ல ரத்தம் காட்டாத, ஓட்டிக்கினு போ" என்று தள்ளினார். குட்டியானை வண்டி பிடித்து, பத்துப்பேர் தூக்கித் தள்ளி, குதிரையை ஏற்றிக்கொண்டு வீடு வந்தோம். மாமா வழியெல்லாம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

விடிந்தபோது குதிரை கொட்டகையில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. கண் தெளிவாக இருந்தது. வாயருகே தீனி வைத்தால் தின்றது. எழ மட்டும் முடியவில்லை. எழ முயலும் ஒவ்வொரு தடவையும் தலை சுவரில் இடித்தது. கண்ணுக்கு மேலே தோல் உரிந்து ஈ மொய்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நோவு மாரி தெரியலியே. தீனியில எவனோ இன்னாத்தையோ வெச்சிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தேன். தவிட்டில் பச்சையும் சாம்பலுமாகக் குழாய்த் துண்டுகள். ஒன்றை எடுத்து இழுத்தேன். கணுவில் டப்பென்று கழன்றது. உள்ளே வெற்றுக் குழல். கழன்ற இடத்தில் பல் பல்லாக ஒரு சின்னக் கிரீடம். இதை எனக்குத் தெரியும். கல்லூரியில் கண்ணாடிப் பாட்டிலில் ஊறிக் கிடந்த, விரல் நீளத் துண்டாக அதைப் பார்த்திருக்கிறேன். பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. நுனியில் ஒரு குமிழ், அதில் தூள். அந்தத் தூளை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆசிரியர் மெல்ல ஊதச் சொன்னார். மூச்சின் ஈரம் பட்டதும் ஒவ்வொரு தூளும் நான்கு கைகளைச் சுருட்டிக்கொண்டது. காய்ந்ததும் விரித்தது. வகுப்பே கத்தியது. நிலக்கரியாகிப் போன பழைய காட்டில் இதன் இனம் மரமாக நின்றது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் ஜாதி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, அது மாமாவின் தவிட்டுத் தொட்டிக்குள் வரும் என்று எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

போனை எடுத்துத் தேடினேன். குதிரைக்கு ஆகாத செடி. காய்ந்தாலும் கெடுதல் போகாது. உடம்பிலிருக்கும் ஒரு சத்தை, பி ஒன் என்கிற சத்தை, இது அழித்துவிடும். முதலில் பின்கால் தள்ளாடும், பிறகு விழும், பசி மட்டும் கடைசிவரை இருக்கும். ஊசி போட்டால் பிழைக்கலாம், தாமதித்தால் இல்லை. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை ஓடிவந்தாள். முந்தானை தரையில் புரண்டது.

"கத்திய எடுத்துக்கினு போறாருடா. வாய்க்கா மேட்டு வழியா. என் தம்பியத்தான். போடா, ஓடுடா!"

மாமாவுக்குக் கணக்கு முடிந்துவிட்டிருந்தது. அறைந்தவன் தீனி கொண்டுவந்தான். தீனி தின்ற குதிரை விழுந்தது. அவமானம் முதலில், விஷம் பிறகு.

ரெசார்ட்டின் பின்கேட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதன் கரையில்தான் அண்ணனைப் பார்த்தேன். அன்றைக்கும் தலையில் ஒரு கட்டு. எதிரே மாமாவைக் கண்டதும் சிரித்தபடி, "இந்தத் தபா நல்லா இளசா வந்துக்குது மாமா" என்றார்.

மாமா கொடுவாளை ஓங்கினார்.

அண்ணன் தலையிலிருந்த கட்டை முன்னால் இழுத்ததால் கழுத்து தப்பியது. கட்டு இரண்டாக வெட்டுப்பட்டுத் தண்டுகள் கரையெல்லாம் கடகடவென்று சிதறின. மூங்கில் கழி விழுந்தால் கேட்குமே, அதைவிடக் கூர்மையான ஓசை. இரண்டாவது வெட்டை அண்ணன் வலது கையால் தடுத்தார். முழங்கைக்குக் கீழே தோல் வாய் திறந்தது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகுதான் ரத்தம் வந்தது.

"என் குதிரைக்கு வெஷம் வெச்சிட்டியேடா! கொண்டாந்து என் கையிலியே குடுத்தியேடா!"

"வெஷமா? இன்னா வெஷம் மாமா?"

நான் பின்னாலிருந்து மாமாவின் இடுப்பைக் கட்டினேன். முழங்கையால் என் மூக்கில் இடித்தார். கண்ணில் பூச்சி பறந்தது. பிடியை விடவில்லை. இருவரும் சேற்றில் உருண்டோம். எழுந்தபோதும் கொடுவாள் அவர் கையில்தான் இருந்தது.

அண்ணன் ஓடியிருக்கலாம். கேட் பின்னால்தான் இருந்தது. அவர் ஓடாமல் கீழே குனிந்தார். இடது கையால் ஒரு தண்டைப் பொறுக்கினார். "இது வெஷமா? இதுவா? பாரு, நானே துன்றன். செத்தா சாவுறன். நீ வெட்டவே வாணாம்" என்று சொல்லிவிட்டு அதை வாயில் திணித்து மெல்ல ஆரம்பித்தார்.

அந்தத் தண்டு முழுக்கக் கண்ணாடிச் சத்து. மண்ணிலிருந்து மணலை உறிஞ்சித் தோலில் பூசிக்கொள்கிற செடி அது. சில ஊர்களில் பாத்திரம் விளக்கவும் மரம் இழைக்கவும் இதன் சின்ன ஜாதியைப் பயன்படுத்தினார்களாம். அண்ணன் அதைக் கரும்பு மாதிரிக் கடித்தார். அவர் பல்லுக்கிடையில் அது அரைபடும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உதட்டோரம் கிழிந்தது. நாக்கிலிருந்து ரத்தம் பச்சையோடு கலந்து தாடையில் வழிந்தது. துப்பவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டே மென்றார். ஒன்று முடிந்து இன்னொன்று எடுத்தார்.

மாமாவின் கொடுவாள் கொஞ்சம் இறங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சவந்தான? சொல்லுடா. இது வெஷமா, இல்லியா?"

அண்ணனும் என்னைப் பார்த்தார். வாயில் தண்டு, கையில் ரத்தம்.

விஷம் என்றால் அந்தக் கரையிலேயே ஒரு கொலை. இல்லை என்றால் இதே கட்டு மறுபடி தொட்டிக்குப் போகும், குதிரை செத்துவிடும். அது செத்த அன்றைக்கு மாமா மறுபடி கூரைச் சந்தில் கைவிடுவார். போனில் படித்ததில் இதற்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அது இங்கிலீஷில் இருந்தது. எங்கள் பேச்சில் வேறு சொல் தேடினேன்.

"வெஷம் இல்ல மாமா. சத்தத் துன்னுடற செடி இது. இத்தத் துன்னா, கொள்ளு துன்னாலும் ஒடம்புல ஒட்டாது. தொட்டி ரொம்பி இருக்குது, குதிர பட்டினி கெடக்குது. அவ்ளோதான். ஊசி போட்டா எழுந்துடும். டாக்டர் வந்துக்கினு இருக்காரு. இது குதிரவாலியே இல்ல. பேரு ஏமாத்திடிச்சி. அண்ணனுக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது."

டாக்டர் அப்போது போனையே எடுத்திருக்கவில்லை.

"பட்டினியா?" என்றார் மாமா.

"பட்டினிதான்."

பட்டினி அவருக்குத் தெரிந்த சொல். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதற்காக யாரும் யாரையும் வெட்ட முடியாது. கொடுவாளை வாய்க்காலில் எறிந்தார். அப்படியே குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் சேற்றில் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் அப்போதுதான் துப்பினார். பிறகு மயங்கி என் மேல் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார்.

"கொடுவா தானா வந்து வெட்டிச்சா?"

"செடி கழிக்கிறப்ப வழுக்கிடிச்சி சார்."

"வெட்டு வலது கையில இருக்குது. அப்ப இடது கையிலயா கத்தி புடிச்சே?"

கிழிந்த நாக்கோடு அண்ணன் சொன்னார். "நான் பீச்சாங்கைக்காரன் சார்."

போலீஸ்காரர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். சொன்னது போலவே ஆனது. நரம்பு அறுந்ததில் வலது கையின் விரல்கள் மடங்காமல் போயின. இன்று அண்ணன் எல்லாவற்றுக்கும் இடது கைதான். ரெசார்ட்டில் வேலை போயிற்று.

மறுபடி போன் போட்டதில் டாக்டர் மதியம் வந்தார். தண்டைக் காட்டினேன். அவர் பார்த்ததில்லை. யாரையோ போனில் கேட்டுக்கொண்டு ஊசி போட்டார். நாள் தவறாமல் வந்து போட்டார். நாங்கள் அடியில் சணல் சாக்கு கொடுத்துக் குதிரையைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தோம். ஒரு காலையில் அது முன்காலை ஊன்றி, பின்பக்கத்தை உதறி, நடுங்கிக்கொண்டே நின்றது. மாமா அதைப் பார்க்கவில்லை. அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அத்தை தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பெரியவர்கள் கூடியபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவன் கைய நீ எடுத்துட்ட. குதிரக் கயித்த அவன்கிட்ட குடு." மாமா கொடுத்தார். ஆனால் சும்மா வீட்டில் உட்கார முடியவில்லை. அண்ணன் குதிரையைக் கடற்கரைக்கு நடத்திப் போகும்போது மாமா கொஞ்சம் பின்னால் சாட்டையோடு நடந்து வருவார். அண்ணனோடு நேரே பேசமாட்டார். குதிரையிடம் சொல்வார்.

"ஏய், கயித்த இறுக்கிப் புடிக்கச் சொல்லு அவன."

அண்ணனும் குதிரைக்குத்தான் பதில் சொல்வார். "எந்தக் கையாலன்னு கேட்டுச் சொல்லு."

மழை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். வாய்க்கால் கரை வந்ததும் குதிரை நின்றது, கழுத்தை நீட்டியது. நீட்டிய இடத்தில் அந்தச் செடி நின்றது. இடுப்பளவு உயரம், அடர்ந்த பச்சை, கணுவுக்குக் கணு ஊசிக் கிளை. அன்றைக்கு வெட்டுப்பட்டுச் சிதறிய துண்டுகள் ஈரச் சேற்றில் கணுவில் வேர்விட்டிருந்தன. இந்தச் செடிக்கு விதை தேவையில்லை. ஒற்றைத் தண்டாக அது உயர்ந்து நிற்காது, பக்கத்துத் தண்டில் சாய்ந்துதான் நிற்கும். அங்கே நன்றாகச் சாய்ந்துகொண்டு நின்றது. ரத்தம் விழுந்த இடம் எது என்று இனி யாரும் தேட வேண்டியதில்லை.

மாமா சாட்டையை ஓங்கினார். அண்ணன் சட்டென்று வலது கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். விரல்கள் மடங்காமல் விரிந்தே இருந்தன. மாமா அதைப் பார்த்தார். ஓங்கிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவர் செடியின் மேல் பாய்ந்தார். அடித்தார். சாட்டையைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தார். மூச்சு இரைந்தது. தண்டுகள் கணுக்கணுவாகத் தெறித்துச் சேற்றில் விழுந்தன.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணு. நான் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். அண்ணன் குதிரையை இழுத்துத் தள்ளிக் கட்டிவிட்டு வந்து இடது கையால் பொறுக்கினார். எங்கள் தலைக்கு மேலே சாட்டை வீசிக்கொண்டிருந்தது. பை நிறைந்தது. அடி நிற்கவில்லை.

அண்ணன் நிமிராமலே, குதிரை இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார்.

"எம்மா, அந்தாள நிறுத்தச் சொல்லு. அடிக்க அடிக்க நாங்கதான் பொறுக்கணும்."